கெடிலத்தில் அப்பா வெட்டிய வாய்க்கால்

எங்கள் அப்பாவுக்குத் தேங்கிய தண்ணீரைக் கண்டாலே ஆகாது. மழை விட்டதோ இல்லையோ, மண்வெட்டியோடு குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் இறங்கிவிடுவார். குட்டை கட்டிய இடத்திலிருந்தெல்லாம் வாய்க்கால் கிழித்து, ரோட்டோரச் சாக்கடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். எங்கள் தோட்டம் முடிந்ததும் பக்கத்து வீட்டுத் தோட்டம். அவர்கள் வேண்டாம் சார் என்று கெஞ்சினாலும் விடமாட்டார். ஒருமுறை உறவுக்காரர் கல்யாணத்தில், பந்தலுக்குப் பின்னால் கை கழுவிய தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். சமையல்காரரிடம் பெரிய கரண்டியை வாங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் அவரைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

எல்லாம் வேலைக் கோளாறு. அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் பம்பிங் செக்‌ஷன். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்குமாம். ராவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே மெஷின் ஓடும், இல்லாவிட்டால் எல்லாம் முழுகிவிடும் என்பார். மழைக்காலத்தில் அவர் ஷிப்டுக்குக் கணக்கே கிடையாது. ஜீப் வந்து ஹாரன் அடிக்கும், சாப்பாட்டுத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு ஓடுவார். அப்படி இறைத்த தண்ணீரில் கொஞ்சம் எங்கள் டவுன்ஷிப் குழாயிலும் வரும் என்று யாரோ எனக்குச் சொல்லிவைத்தார்கள். உலகத்துத் தண்ணீரெல்லாம் அப்பா அனுப்பி வைப்பதுதான் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் நின்றால் நேரே அவரிடம்தான் சண்டைக்குப் போவேன்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஓடுகிற தண்ணீர் என்றால் உயிர். அதிலும் அவர் ஊர் தாமிரபரணி என்றால் பேச்சு நிற்காது. அவர் பிறந்தது அந்த ஆற்றங்கரையில். "ஆறுன்னா அது ஆறு. சித்திரை வெயில்லயும் இடுப்பளவு ஓடும். இங்க இருக்கதெல்லாம் ஆறா? மணல் குவிச்சு வச்சிருக்காவ" என்று கடலூர் மாவட்டத்து நதிகளையெல்லாம் ஒரே வாயில் தள்ளுபடி செய்துவிடுவார். ரிட்டையர் ஆன மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், படித்துறையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். எங்கள் வீட்டில் பீரோ வாங்குவதென்றால்கூட, "ஊருக்குக் கொண்டுபோக லாரியில ஏறுமா?" என்றுதான் முதலில் கேட்பார்.

இந்தத் திட்டத்தில் கல்லைத் தூக்கிப் போட்டது என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. தாத்தாவும் ஆச்சியும் போன பிறகு அம்மாதான் அவரைக் கூட்டிவந்து வளர்த்தாள். எங்களோடு குவார்ட்டர்ஸிலேயே இருந்து, டிப்ளமோ முடித்து, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று ஒருநாள் தேங்காய் பன் வாங்கி வந்தார். மறுநாளும் வாங்கி வந்தார். அதற்கு மறுநாளும். எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்துவிட்டது. எந்த ஆம்பிளையடா அக்கா வீட்டுக்குத் தினமும் தேங்காய் பன் வாங்கி வருவான்?

விசாரித்தால் விஷயம் வெளியே வந்தது. மெயின் பஜார் பேக்கரியில் பில் போடுகிற பெண். ஊர் திருவதிகைக்குப் பக்கத்தில் கெடிலம் ஆற்றங்கரைக் கிராமம். விவசாயக் குடும்பம். காலையில் பஸ் ஏறி நெய்வேலிக்கு வந்து, ராத்திரி எட்டு மணி பஸ்ஸுக்குத் திரும்பிப் போகிறாள். மாமாவுக்கு அவளைத்தான் கட்ட வேண்டும்.

அம்மா உடனே சரி என்றாள். அப்பா உடனே முடியாது என்றார். அவர் சொன்ன காரணம் அபாரமானது. "ஆத்துல தண்ணி இல்லாத ஊர்ல போயி எவனாவது பொண்ணு எடுப்பானா?"

உண்மையான காரணம் எல்லாருக்கும் தெரியும், எனக்கே தெரியும். மாமா எங்கள் ஊர்ப்பக்கம் பெண் எடுத்தால்தான் ரிட்டையர் ஆனதும் எல்லாரும் ஒன்றாகத் தெற்கே போக முடியும். இங்கே எடுத்தால் மாமா இங்கேயே தங்கிவிடுவார், அம்மா தம்பியை விட்டுவிட்டு வரமாட்டாள். அப்பாவின் படித்துறைக் கனவு என்னாவது?

அந்தப் பக்கமும் வேடிக்கைதான். பெண்ணின் அப்பாவுக்கு மாமாவைப் பிடித்திருந்தது, எங்களைத்தான் பிடிக்கவில்லை. "டவுன்ஷிப்காரங்கள நம்பி பொண்ண குடுக்கறதா? ரிட்டையர் ஆனா மூட்டய கட்டிகினு அவங்கவங்க ஊருக்குப் பூடுவாங்க. அப்பறம் எம்பொண்ண பாக்க நான் எந்த ஊருக்கு பஸ் ஏர்றது?" என்று கேட்டாராம். இதை மாமா வந்து எங்கள் வீட்டில் சொன்னபோது அப்பா, "மனுசன் வெவரமாத்தான் பேசுதான்" என்று சந்தோஷப்பட்டார். அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டில் சோறு வரும், காப்பி வரும், பேச்சு மட்டும் வராது. அப்பாவுக்கு எது வேண்டுமானாலும் நான் நடுவில் நின்று கேட்டு வாங்கித் தரவேண்டும். எனக்கு மூன்றாவதோ நாலாவதோ படிக்கிற வயது. ஒரே வீட்டில் போஸ்ட்மேன் உத்தியோகம் எனக்கு.

இப்படியே பொங்கல் வந்தது. பெண்ணின் அப்பா ஒரு வழி சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து தட்டு வைத்துப் பேசுவதெல்லாம் பிறகு. ஆற்றுத் திருவிழா அன்றைக்கு ஆற்றில் வந்து பாருங்கள், பிடித்தால் பேசலாம், பிடிக்காவிட்டால் அவரவர் திருவிழாக் கிழங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று. தை ஐந்தாம் நாள் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் ஆற்றுக்கு வந்து குளித்துப் போகும். பெண்ணையாற்றிலும் கெடிலத்திலும் அன்றைக்கு மனிதத் தலைதான் தெரியும். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பொங்கலைவிடப் பெரிய பண்டிகை அதுதான். அப்பா வருகிறேன் என்று சொன்னது அதிசயம். நேரிலேயே போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அதை அவரே என்னிடம் சொன்னார், அம்மாவிடம் போய்ச் சொல்லச் சொல்லி.

பண்ருட்டி பஸ்ஸில் நசுங்கி, அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாகத் திருவதிகைக்கு நடந்து, கரை ஏறிப் பார்த்தால் எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆற்றைக் காணோம். ஒரே மணல். மணல் முழுக்கக் கடை. கரும்புக் கட்டு, பலூன், வளையல், ராட்டினம், சாக்குப்பையில் மலைமலையாகச் சிறுவள்ளிக் கிழங்கு. எதிர்க்கரையோரம் நாணலுக்கு அடியில் மட்டும் பாவாடை நாடா மாதிரி கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மோட்டாரை ஆஃப் பண்ணிட்டாங்களாப்பா?" என்று கேட்டேன். அப்பா பெருமையாகச் சிரித்தார். மாமா என் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினார்.

பெண் வீட்டாரின் இடம் நடு ஆற்றில் இருந்தது. பெண்ணின் அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்காலளவு பள்ளத்துக்குள் நின்று மண்ணை வாரிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சட்டென்று மேலே ஏறிக் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க. ஆத்துக்கு வந்துருக்கீங்க, வூட்டுக்கு வந்த மாதிரி" என்றார். முகம் நல்ல முகம். குரல்தான் எட்ட நின்றது.

அந்தப் பள்ளம் ஊற்று. அதை அவர்கள் குடும்பம்தான் தோண்ட வேண்டும், அது அவர்கள் முறை. நாலு பேர் கால் வைத்து நடந்த ஓட்டத் தண்ணீரில் அம்மனைக் குளிப்பாட்ட மாட்டார்களாம். மணலைத் தோண்டி, முதலில் ஊறுகிற கலங்கல் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றி, பிறகு யாரும் தொடாமல் தெளியவிட்டு, அந்தப் புதுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டுதான் அவர்கள் ஊர் மாரியம்மனுக்கு ஊற்ற வேண்டும். அவர் மேலே ஏறியதும் ஊற்று ஊறித் தெளியத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் மாவிலை செருகியிருந்தார்கள்.

பேக்கரி அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். மஞ்சள் பட்டுப்பாவாடையும் தாவணியுமாக இருந்தாள். பேக்கரியில் பார்த்ததைவிட உயரமாகத் தெரிந்தாள். நான் ஆறு எங்கே என்று அவளிடமும் கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. ஓட்டத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிப்போய் ஈர மணலைக் காட்டினாள். கோலம் போட்டதுபோல நத்தை ஊர்ந்த தடம். குச்சிக் குச்சியாகக் குருவிக் கால் தடம். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுவதுபோலத் தொப்பென்று விழுந்து மீனோடு எழும்பிய கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. கரை ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடிக்கொண்டிருந்தன. கூட்டத்தைப் பார்த்து மிரண்ட ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது.

"ஐப்பசி கார்த்திகைல வந்து பாரு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தளும்பிகினு போவும். பாக்கவே பயமாருக்கும். அப்ப வந்த வெள்ளம் மடுவுல நிக்கும், அதுல கெளுத்தி, கொறவ மீனெல்லாம் கெடக்கும். கெருடன் அலகால கீறி வந்த ஆறு இது. முன்னலாம் கடலூர் வரைக்கும் படகே போச்சாம்" என்றாள். ஊற்றுக்குத் திரும்பி வந்து, பள்ளத்தின் ஓரத்தில் மண்ணுக்குள் வளைவாகத் தெரிந்த ஒரு செங்கல் நிறத்து விளிம்பைக் காட்டினாள். சுட்ட மண் உறை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய பழங்காலத்துக் கிணற்றின் உறையாம். எந்த ராஜா காலத்தில் யார் இறக்கினார்களோ, யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தையிலும் அந்த விளிம்பைத் தேடிப் பிடித்து அதற்குப் பக்கத்தில்தான் ஊற்றுத் தோண்டுவார்களாம். தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அப்போது கரைமேல் பம்பை உடுக்கைச் சத்தம் கேட்டது. அம்மன் வந்துவிட்டாள். ஊர் மொத்தமும் எதிர்கொண்டு அழைக்க ஓடியது. பெண்ணின் அப்பா போகிற அவசரத்தில் எங்கள் அப்பாவைப் பார்த்து, "சார், செத்த இந்த ஊத்த பாத்துக்கங்க. புள்ளைங்க எதுனா கால வெச்சிடப் போவுது" என்று சொல்லிவிட்டு ஓடினார். அக்காவும் மாமாவும்கூடப் போய்விட்டார்கள். அம்மா கொஞ்சம் தள்ளி நின்று சாமி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊற்றங்கரையில் நானும் அப்பாவும் மட்டும்.

இதைவிடப் பொருத்தமான ஆளிடம் யாராவது தண்ணீரை ஒப்படைத்திருக்க முடியுமா?

முதலில் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஓர மணல் ஈரமாகிக் கொஞ்சம் சரிந்து 'பொதுக்' என்று உள்ளே விழுந்தது. அப்பாவின் முகம் மாறியது. இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். இன்னொரு துண்டு சரிந்தது. "இப்படியே விட்டா சைடு பூரா உக்காந்துரும்லா. கொஞ்சமா வடிச்சு விடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். தாழ்வான பக்கத்தில் ஒரு சின்ன வாய்க்கால், விரல் கடை அகலம்தான், கீறிவிட்டார்.

சுரங்கத்து மண் எப்படியோ, ஆற்று மணல் அதற்கெல்லாம் கட்டுப்படாது. விரல் கடை சாண் ஆயிற்று, சாண் முழம் ஆயிற்று. தெளிந்திருந்த தண்ணீர் மொத்தமும் குபுகுபுவென்று அந்த வழியாக இறங்கி ஓட்டத் தண்ணீரை நோக்கிப் போயே போய்விட்டது. ஒரு பக்கக் கரை அப்படியே உட்கார்ந்து ஊற்றை மூடியது. அம்மா திரும்பிப் பார்த்து, "ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீய!" என்று அலறினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் அப்பாவோடு நேரடியாகப் பேசிய பேச்சு அதுதான்.

அதே நேரம் நாலு பேர் தோளில் அம்மன் வந்து நின்றாள். பம்பை நின்றது. எல்லாரும் பள்ளத்தைப் பார்த்தார்கள். உள்ளே சேறு.

கூட்டத்தில் ஒருவர், "மைன்ஸ்காரரு இல்ல? தண்ணியப் பாத்தா கை சும்மா இருக்குமா?" என்றார். சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா சத்தம்கூடப் போடவில்லை. "சாமி வந்து நின்னுகினு இருக்கு. ஊத்து எங்கிங்க சார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "செத்த பாத்துக்க சொன்னதுக்கே இப்புடி. இவங்ககிட்ட நான் எம்பொண்ண வேற குடுக்கணுமா?" என்றார்.

மாமாவின் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு அழுகை முட்டியது. தேங்காய் பன் போனதற்காக அல்ல. மாமா அப்படி ஒரு முகத்தோடு நின்று நான் பார்த்ததே இல்லை. அப்பா ஜெயித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் வாயால் முடியாது என்று சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் அவர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியே வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கலாம்.

அவர் கிளம்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் குதித்து முழங்கால் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரி வெளியே போட்டார். வாரிய வேகத்துக்கு மேலிருந்து மணல் சரிந்தது. இன்னும் வேகமாக வாரினார். இன்னும் சரிந்தது. மூச்சு வாங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது.

பேக்கரி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் அப்பா, "நீ எங்க போற?" என்றது காதில் விழாததுபோலப் பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். எங்கள் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் வெட்டிய வாய்க்காலை முதலில் ஒரு பிடி நாணலை வைத்து மண்ணால் அடைத்தாள்.

"அவசரப்படாதீங்கண்ணே" என்றாள். "அவசரப்பட்டா கலங்கிடும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். கைய இப்புடி வெச்சிகினு மண்ணு சரியாம தாங்கிப் புடிங்க. அது வரும்."

அப்பா இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஓர மணலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா கொட்டாங்கச்சியால் சேற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வெளியே ஊற்றினாள். அள்ளுவாள், நிறுத்துவாள். அள்ளுவாள், நிறுத்துவாள். ராகு காலம் வருவதற்குள் சாமி குளித்தாக வேண்டும் என்று பூசாரி முனகினார். தோளில் சாமியைத் தூக்கி நின்றவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா வானத்தைப் பார்த்தார். இனிமேல் வராது, வேறு இடத்தில் தோண்டலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் பள்ளத்தின் விளிம்பில் குந்திக்கொண்டு, வா வா என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். தண்ணீரை வா என்று கூப்பிட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

அப்பாவின் கைக்கு அடியில் மணல் அசைந்தது. உலை கொதி வருகிறபோது அரிசி ஆடுகிறதே, அதுபோல மணல் துகள்கள் மேலும் கீழும் ஆடின. அந்த ஆட்டத்துக்கு நடுவில் கண்ணாடியாகத் தண்ணீர் கசிந்தது. அப்பாவின் விரல் நனைந்தது. பிறகு மணிக்கட்டு நனைந்தது. "வருதுங்க" என்றார் அப்பா, மெதுவாக, பள்ளியில் பதில் சொல்கிற பையன் மாதிரி. "அடியில இருந்து வருது."

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கூட்டம் கத்தியது. பம்பை பிய்த்துக்கொண்டு முழங்கியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் ஊற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், அப்பா அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால் அவரையும் சேர்த்துக் கும்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. அப்பா தலையை நிமிர்த்தி எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். சுரங்கத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் போன் அலறும், ஜீப் பறக்கும், மேலதிகாரி திட்டுவார். இத்தனை வருஷத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னதற்காக நாலு பேர் சிரித்து அவர் பார்த்ததே கிடையாது. அவர் கண் கலங்கியிருந்தது. வியர்வை என்றார். தை மாதக் குளிரில்.

தெளிந்ததும் பெண்ணின் அப்பா குடத்தோடு வந்தார். ஊற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு குடத்தை எங்கள் அப்பாவிடம் நீட்டி, "நீங்களே மொண்டு குடுங்க" என்றார். அப்பா மொண்டு கொடுத்த தண்ணீரில் அம்மன் குளித்தாள். மிச்சத்தில் எல்லார் தலையிலும் தெளித்தார்கள். அப்பா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, யாரிடமும் இல்லாமல், "இனிக்குதுல்லா" என்றார். தாமிரபரணியை அப்போது அவர் இழுக்காதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன்.

ஆனால் பேச்சு மட்டும் முடியவில்லை. மணலிலேயே பாய் விரித்து உட்காரவைத்து வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். கோபமெல்லாம் தணிந்திருந்தது. பெண்ணின் அப்பா எங்கள் அப்பாவைப் பார்த்து, "மனசுல வெச்சிக்காதீங்க, அந்த நேரத்துல வாய் வந்துடுச்சு. நல்ல மனுசருதான் நீங்க. ஆனா என் கவல என் கவலதான். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. நாளைக்கி நீங்க மூட்டய கட்டிகினு உங்க ஊர பாத்து பூட்டீங்கன்னா?" என்றார். அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரி அக்கா கரும்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி என்னைக் கூட்டிப்போய், வாங்காமலேயே திரும்பி வந்தாள். யாரும் சரி என்று சொல்லவில்லை, யாரும் மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவித்த கிழங்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அம்மா அதற்குள் பழையபடி வாயை மூடிக்கொண்டுவிட்டாள்.

பஸ் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் உட்கார இடம் கிடைத்தது. அப்பாவும் மாமாவும் எங்களை ஒட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் வேட்டி முழங்கால் வரை சேறு. நகக்கண்ணிலெல்லாம் மணல். அவர் குனிந்து ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். வெயில் சாய்ந்து ஆற்று மணலெல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. கரைக்கு மேலே வாழைத் தோட்டமும், அதைத் தாண்டி மேட்டில் காலி நிலமும் போயின.

"ஏ மாப்ள" என்றார் அப்பா. மாமாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்னத்தான்?" என்றார் மாமா, திரும்பாமலே.

"கார்த்திகை வெள்ளம் வந்தா இந்தக் கரையில தண்ணி எதுவரைக்கும் ஏறும்? அந்த வாழைத்தோட்டத்தோட நிக்குமா, மேட்டுக்கும் வருமா? நாளைக்கு பேக்கரிக்குப் போனா அந்தப் பிள்ளைட்ட கேட்டுட்டு வா. மறக்காத."

மாமா கம்பியை விட்டுவிட்டு அப்பாவையே வெறித்தார். பஸ் குலுங்கி ஒரு கிழவியின் மடியில் விழப் பார்த்து, திட்டு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார், பைத்தியம் மாதிரி.

எனக்கு ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. அப்பாவுக்கு வேறென்ன தெரியும்? வெள்ளம் எதுவரைக்கும் ஏறும் என்று தெரிந்தால்தானே எத்தனை பம்ப் போட வேண்டும் என்று கணக்குப் போடலாம். கெடிலத்தையும் வடித்துவிடப் போகிறார் என்று முடிவு கட்டி, மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். ஒரு மனிதர் தான் குடியிருக்கப் போகிற இடத்தைப் பற்றித்தான் வெள்ளம் ஏறுமா என்று கேட்பார் என்பது எனக்குத் தெரியவில்லை. காலமெல்லாம் கட்டிக் காத்த படித்துறையை அந்த ஒரு கேள்வியில் அவர் கைவிட்டார் என்பதும் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, அவித்த சிறுவள்ளிக் கிழங்கில் பெரியதாக ஒன்றை எடுத்துத் தோலை உரித்தாள். எனக்குத்தான் என்று நான் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தாண்டி அப்பாவிடம் கொடுத்து, "சாப்பிடுங்க" என்றாள். முதல் கிழங்கு எனக்குக் கொடுக்கவில்லை என்ற ஆத்திரத்தில், நெய்வேலி வருகிற வரைக்கும் நான் அவர்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை.